தங்க ஆற்றங்கரையில் சரிவான படுக்கை

வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. லண்டன் ஹரோவில் எங்கள் வாசலில் நின்ற காரை எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "வீடு மாறுகிறீர்களா?" என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. பின் இருக்கையில் மகள் துளசிக்கு ஒரு சாண் இடம்தான் மிச்சம். மற்றதெல்லாம் கூடாரம், காஸ் அடுப்பு, புட்டுப் பானை, இடியப்பத் தட்டு.

"ரெண்டு நாளுக்கு இடியப்பத் தட்டு என்னத்துக்கு?" என்றேன்.

"அங்க போய்த் தங்கத்தையே அவிச்சுத் தின்னப் போறியள்?" என்றாள் மனைவி வாசுகி.

பரீட்சை முடித்ததற்குத் துளசி கேட்ட பரிசு இந்தப் பயணம். வேல்ஸில் ஒரு காலத்தில் தங்கம் தேடி ஆட்கள் குவிந்த பள்ளத்தாக்கில், மூன்று பேரும் ஒரே கூடாரத்தில் இரண்டு இரவு. வாசுகி இலேசில் ஓம் சொல்லவில்லை. பதினொரு வயதில் போர் துரத்த வீட்டை விட்டு ஓடி, வன்னியில் மாதக்கணக்கில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே மழையும் வெயிலும் பார்த்தவள் அவள்.

"வாறன், சமைச்சும் தாறன். ஆனா திரும்பத் தறப்பாளுக்குக் கீழ படுக்க என்னால ஏலாது. நான் காருக்க படுக்கிறன்" என்று சொல்லிவிட்டாள். துளசி முகத்தைத் தொங்கப் போட்டாள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தான் கறக்க வேண்டும். இது ஆடினாலும் பாடினாலும் உதைக்கிற விஷயம்.

பத்தரை மணிக்கு, ஏறத்தாழ நூற்று முப்பது மைல் கடந்து, பியூட்லி. செவேர்ன் ஆற்றங்கரையில் செங்கல் வீடுகள் வரிசையாக நின்று தண்ணீரில் முகம் பார்க்கும் ஊர். ஆற்றோர மர வாங்கில் உட்கார்ந்து மீன் கட்லட்டைப் பிரித்தோம். நாயோடு வந்த ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, முன்னர் இந்தத் துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்து நின்றதையும், கால்வாய் வந்ததும் அவை பக்கத்து ஊருக்கு மாறியதையும் சொன்னார்.

"படகுகள்தான் போயின. ஆறு எங்களோடு நின்றுவிட்டது, வெள்ளம் வந்தால் வீட்டுக்குள்ளும் வரும்" என்றார். வாசுகி ஒரு கட்லட்டை நீட்டினாள். ஒரு கடி கடித்தார், கண்ணில் நீர் வந்தது. "இது உணவா, தண்டனையா?" என்று கேட்டார். பிறகு இரண்டாவதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து மேற்கே எண்பது மைல் சொச்சம். மலைகள் வந்து, செம்மறிகள் வந்து, பிறகு பலகைகளில் வாய்க்கு அடங்காத பெயர்கள் வந்தன. நாலு மணிக்கு, மௌதாக் ஆறு கடலோடு சேரும் கழிமுகத்துக்கு மேலே ஒரு பண்ணை. கூடாரத்துக்கு ஒரு இரவு வாடகை இருபத்து நான்கு பவுண். பண்ணைக்காரப் பெண் புல்வெளியைக் காட்டி, "சரிவு இருக்கிறது. தலையை மேட்டுப் பக்கம் வைத்துப் படுங்கள்" என்றார்.

அங்கேதான் வில்லங்கம். மேட்டுப் பக்கம் வடக்கு. "உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு" என்று கேட்டு வளர்ந்த உடம்பு இது. லண்டனுக்கு வந்து இத்தனை வருடத்தில் ஒரு நாளும் வடக்கே தலை வைத்ததில்லை. தலையணைகளைத் தெற்கே, பள்ளத்துப் பக்கம் போட்டேன்.

"அப்பா, சீரியஸ்லி? ரத்தம் எல்லாம் தலைக்கு வரும்" என்றாள் துளசி.

"வந்தால் மூளைக்கு நல்லது, பிள்ளை."

சனிக்கிழமை விடிய, காரிலிருந்து தேநீரோடு வந்த வாசுகி கூடாரத்தின் கீழ்ப்பக்கத்தில் இரண்டு பூசணிக்காய் போலப் புடைத்திருந்ததைக் கண்டாள். எங்கள் தலைகள்தான் அவை. இரவோடு இரவாக வழுக்கி வந்து துணியில் முட்டிக்கொண்டு கிடந்தோம்.

"இஞ்சருங்கோ, தலைகீழாத் தவம் செய்தனீங்களோ? என்ன வரம் கிடைச்சது?" என்று கேட்டவள், சிரித்த சிரிப்பில் தேநீர் பாதி புல்லுக்குப் போயிற்று.

"கழுத்துப் பிடிப்பு" என்றேன்.

அன்று பக்கத்து ஊர் டொல்கெத்லைக்குப் போனோம். கருஞ்சாம்பல் கற்களால் கட்டிய வீடுகள், வளைந்து வளைந்து போகும் ஒடுங்கிய தெருக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலைகளைக் குடைந்து பொன் தேடினார்கள். இப்போது அனுமதியில்லாமல் ஆற்றில் அரிக்கக் கூடாது என்றதும் துளசி உதட்டைப் பிதுக்கினாள். ஒரு நகைக்கடைக் கண்ணாடிக்குள் வேல்ஸ் பொன் சேர்த்த மோதிரம் இருந்தது. வாசுகி மூக்கை ஒட்டிப் பார்த்தாள்.

"ஒன்பது கரட்டோ? கலியாண வீட்டில இதைப் போட்டுக்கொண்டு போனால், சனம் கவரிங் எண்டு சொல்லும்."

பின்னேரம் கூடாரத்துக்குத் திரும்பியதும் வாசுகி வெளியே நின்றபடி தீர்ப்புச் சொன்னாள்: "கிழக்க தலையை வையுங்கோ. அப்ப சரிவுக்குக் குறுக்கால கிடப்பியள்."

கிழக்கே மாற்றினோம். நான் பள்ளத்துப் பக்கம், துளசி மேட்டுப் பக்கம். அவள் படுத்த கையோடு மரக்குற்றி போல உருண்டு வந்து என் விலாவில் விழுந்தாள். மறுபடி ஏறிப் படுத்தாள், மறுபடி உருண்டாள்.

"அம்மா, விடியிறதுக்குள்ள அப்பா சப்பளிஞ்சு போயிடுவார். நடுவில ஒரு ஆள் வேணும்" என்றாள்.

வாசுகி வாசலில் குனிந்து நின்றாள். துணியை விரலால் தடவினாள். மெல்ல உள்ளே வந்து வாசலை மூடும் சிப்பை மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள்.

"இது உள்ளுக்கிருந்தும் திறக்குமோ?"

"ஓம் அம்மா, ரெண்டு பக்கமும்."

சிப்பை உள்ளேயிருந்து ஒருமுறை முழுதாகத் திறந்து பார்த்தாள். "சரி. கார்ச்சாவியை என்ரை தலைமாட்டில வையுங்கோ" என்று சொல்லி, தன் போர்வையை எங்கள் இருவருக்கும் நடுவே விரித்தாள்.

ஞாயிறு காலை கூடாரத்தில் மழை கொட்டுகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் அவள் முழித்துத்தான் இருந்தாள், கூரையைப் பார்த்தபடி. துளசியின் தலை அவள் கையில் கிடந்தது. நான் பதறி எழும்பி, பைகளை வாரிக் கட்டத் தொடங்கினேன். "இதோ, அஞ்சு நிமிசம். நீங்கள் ரெண்டு பேரும் காருக்க ஓடுங்கோ."

"என்னத்துக்கு அந்தரப்படுறியள்?" என்றாள் வாசுகி. "மழை விடட்டும், ஆறுதலாப் போவம். ஹரோவில வீடு அப்பிடியேதான் நிக்கும்."

சொல்லிவிட்டு, பாதி திறந்திருந்த சிப்பைத் தானே இழுத்து மூடினாள்.