அண்டாக்களுக்கு அந்தப் பக்கம்

கரையான்சாவடியில் என் மாமனாரின் பாத்திரக்கடைக்கு மேலேதான் எங்கள் வீடு. தெருவைப் பார்த்த கூடம், கடைசியில் எங்கள் அறை, நடுவில் ஓர் அறை முழுக்கக் கடைச் சரக்கு. இணைய இணைப்பு ஒன்றே ஒன்று. வைஃபை பெட்டி கூடத்துச் சுவரில். அதை நம்பி மூன்று கணினிகள்: கடையில் மாமா பில் போடுவது, கூடத்தில் கொழுந்தனுடையது, கடைசி அறையில் என் மடிக்கணினி.

கல்யாணமாகி வந்தபிறகு நானாகத் தேடிப் பிடித்த வேலை என்னுடையது. ஒரு கம்பெனி வாடிக்கையாளர்களின் புகார்களை வீட்டிலிருந்தே இணைய அழைப்பில் கேட்டுத் தீர்த்துவைக்க வேண்டும். பயிற்சிக் காலம் முடியவில்லை, அதற்குள் பேச்சு பாதியில் அறுந்துகொண்டே இருந்தது. "இன்னும் ஒரு வாரம் பாக்கலாம் மேடம். இப்படியே இருந்தா கஷ்டம்" என்றார் மேற்பார்வையாளர். போனால் போகட்டும், வேறு வேலையா இல்லை என்று வீட்டில் சுலபமாகச் சொன்னார்கள். அவர்களுக்கென்ன!

மாமாவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பங்கீடு. தண்ணீர் லாரி வரும் நாட்களில் தெருவுக்கே முறை வைத்துக் கொடுத்த மனிதர். "மூணு பேரும் ஒரே நேரத்துல இஸ்தா எப்படிமா வரும்? முறை வெச்சிக்கோங்க" என்று தீர்ப்புச் சொன்னார். என் முறை வந்ததும் கொழுந்தன் கணினியை அணைத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அப்போதும் அறுந்தது.

"இன்னா அண்ணி, நான்தான் ஆஃப் பண்ட்டனே. இப்ப யார் மேல பழி போடுவீங்க?" என்றான்.

அந்த வாரம் பாரிவாக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்து அண்டா, குண்டான், வாளி என்று நடு அறையைக் காலி செய்துகொண்டு போனார்கள். அன்று மதியம் என் பேச்சு ஒரு தடவைகூட அறுபடவில்லை. இத்தனைக்கும் கொழுந்தன் முறையை மீறிக் கணினியில் விளையாடிக்கொண்டிருந்தான். மறுநாள் புதுச் சரக்கு வந்தது, கூரை வரை அடுக்கினார்கள், மறுபடி அறுந்தது. எனக்குப் பொறி தட்டியது.

"எம் பாத்திரத்து மேலயே குத்தம் சொல்றியா?" என்று மாமா எகிறினார். வாயால் பேசிப் பயனில்லை. சரக்கெடுக்கக் கும்பகோணம் போயிருந்த என் கணவரை வீட்டு வைஃபையிலேயே அழைத்து, போனை ஓர் அண்டாவுக்குள் வைத்து மூடினேன். உள்ளே "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தவர் பாதி ஹலோவில் நின்றுபோனார். நான் மூடியைத் திறந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி லைனில் வந்து, என்னதான் நடக்கிறது என்று திட்டினார். கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமா சிரிக்கவில்லை, அண்டாவை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சீசன் நேரம். சரக்க எங்கமா கொண்டுபோய் வெக்கறது?"

"சரக்கு அங்கேயே கெடக்கட்டும் மாமா. ஒயர் போட்டுக்கறேன்."

சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று அதற்கும் ஒரு தடை. நானா விடுவேன்? குமணன்சாவடியில் நீளமான கேபிள் ஒன்று வாங்கிவந்தேன். வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பியதும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினேன். கேபிளின் ஒரு முனையை வைஃபை பெட்டியில் செருகி, மறுமுனையைக் கூடத்து ஜன்னல் வழியே வெளியே விட்டு, மொட்டைமாடிக்கு ஏறிக் கைப்பிடிச் சுவரோடு கட்டி, எங்கள் அறை வென்டிலேட்டருக்குள் இறக்கினேன். மடிக்கணினியில் செருகியதும் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது. யாருமில்லாத அறையில் நானே கைதட்டிக்கொண்டேன், வெட்கமே இல்லாமல்.

என்னைச் சோதிக்க மேற்பார்வையாளர் நான் பேசுவதை லைனில் இருந்து கேட்ட அன்று வாசலில் சரக்கு லாரி நின்றிருந்தது. நடு அறையில் பாத்திரம் ஏறிக்கொண்டே இருந்தது, கொழுந்தன் ஏதோ சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தான், கடையில் பில் மேல் பில். என் பேச்சில் ஒரு சொல்கூடச் சிதறவில்லை. மாலையில் வேலை உறுதி என்று தகவல் வந்தபோது நான் போட்ட கூச்சலில் கீழே கடைக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்களாம்.

சில நாள் கழித்து, கடைக் கணினியில் பில் வரவில்லை என்று மாமா படியேறி வந்து என் அறை வாசலில் நின்றார். என் காதில் ஒரு வாடிக்கையாளர். கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். கீழே யாரோ அவசரப்படுத்தினார்கள். மாமா படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"கொஞ்சம் குந்துங்கப்பா. எம் மருமவ வேலையில கீறா."