தரையில் கீறிய விண்கலம்

மகள் தரை கழுவிவிட்டுப் போனாள். ஈரச் சீமெந்து மணத்தது. என் கால் தானாக நடக்கத் தொடங்கியது.

சின்ன வயதில், வாழைச்சேனையில், மாமா இரவல் தந்த பழைய கம்பியூட்டரில் ஒரு விளையாட்டு. இருண்ட விண்கலத்தில் பூதங்களிடம் அகப்படாமல் வெளிக்கதவைச் சேர வேண்டும். அக்கா விளையாடுவாள், நான் வழியை முன்னறைத் தரையில் வெள்ளைச் சோக்கட்டியால் கீறி, அதன்மேல் நடந்து பார்ப்பேன்.

முழு வழியும் பிடிபட்ட மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா வழக்கம்போல் வீடு கழுவி, விண்கலத்தையே அழித்துவிட்டா. மாமா பின்னேரம் கம்பியூட்டரை எடுக்க வருவார். அக்கா அழுதாள். நான் கண்ணை மூடி ஈரத்தரையில் நடந்தேன்.

“நேரே போ. சோத்துக்கைப் பக்கம் திரும்பு.”

“மறுகா?” அடுத்தது என்னவென்று கம்பியூட்டர் முன்னாலிருந்து அக்கா கேட்டாள்.

“மறுகா நேரே.”

திரையில் வெளிக்கதவு திறந்தது.

“அம்மா, ஈரம் காய முந்தி மிதிக்காதீங்க,” என்கிறாள் மகள். பூதங்களையே தாண்டி வந்தவளிடம்.