கவர்மெண்டு பாதி

போன வாரம் ஆரணி பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு கடையில் கைப்பேசிக்குத் திரை மாற்றக் கொடுத்துவிட்டு நின்றேன். ஈயம் உருகும் வாசனை. அந்த வாசனைக்கு எனக்கு இன்றும் கோபம் வரும். அந்தக் கைப்பேசிக்கு அடியில் ஓடும் மென்பொருளும் லினக்ஸ்தான் என்று கடைக்காரரிடம் சொல்ல நினைத்து, விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் எங்களுக்கு அரசு மடிக்கணினி வந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கை கழுவிய பிறகுதான் அதைத் தொட வேண்டும் என்று அப்பா உத்தரவு போட்டார். அதற்குள் பாதிக்குப் பாதி இரண்டு இயங்குதளங்கள் இருந்தன; எதில் போக வேண்டும் என்று திறந்ததும் கேட்டது: விண்டோஸா, லினக்ஸா? இரண்டாவது பெயரை எவரும் கேள்விப்பட்டதில்லை. அது கவர்மெண்டுக்குச் சொந்தமான பாதி என்று வகுப்பே முடிவு கட்டியது.

“அதுல போனா நாம பண்றதெல்லாம் கலெக்டர் ஆபீசுல தெரியுமாம்டி” என்றாள் பக்கத்து பெஞ்சு ஷப்னம்.

“நீ சீரியல் பாத்துகினு இருக்கறத பாத்து கலெக்டரு என்னா பண்ணப் போறாரு?”

“உன்னாண்ட பேசறதே பேஜாரு.”

எல்லோரும் இதே மாதிரிக் கடைகளில் கொடுத்து அந்தப் பாதியை அழித்தார்கள். நான் மட்டும் உள்ளே போய், அதன் கதையை ஆங்கிலத்தில் படித்தேன். எங்கோ ஒரு கல்லூரி மாணவன் பொழுதுபோக்காகத் தொடங்கியதாம். முகம் தெரியாதவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் திருத்தி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்களாம். படித்ததும் எனக்கும் ஏதாவது கொடுக்கத் தோன்றியது. அகராதியை வைத்துக்கொண்டு, தமிழில் பாடம் பாடமாக எழுதினேன்: தமிழ் தட்டச்சு, பிரிண்டர், பாட்டு கேட்பது. பிரதி கொடுக்கப் போனால், “அதத்தான் அழிச்சிட்டமேடி!” என்று சிரித்தார்கள். ஒரே பிரதி என் மடிக்கணினியின் அந்தப் பாதியிலேயே தங்கியது.

வேலை கிடைத்து, மடிக்கணினியைத் தம்பியிடம் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனேன். எங்கள் கம்பெனியின் சர்வர் எல்லாமே லினக்ஸ். அதன் கதையைப் படம் போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த மாதம் ஊருக்கு வந்தபோது தம்பி ஓடி வந்தான்.

“அக்கா, உன் லேப்டாப் இப்ப ஜல்தியா ஓடுது! பாதி இடம் வேஸ்ட்டா கெடந்துச்சாம், கடையில தொடைச்சிக் குடுத்துட்டாங்க.”

“என் பாடம்லாம் எங்கடா?”

“எந்தப் பாடம்? நீதான் படிச்சி முடிச்சிட்டியே!”

மறுபடி எழுத உட்கார்ந்தேன். இப்போது எனக்கு எல்லாம் தெரியும், அதுதான் தொல்லை. எழுதியதைப் படித்தால் எங்கள் ஆபீஸ் பேசுகிறது. ஒன்றும் தெரியாமல் தட்டித் தடவிப் போனவள், தன்னைப் போலவே தெரியாத இன்னொருத்திக்குச் சொன்ன தமிழ் அந்தப் பழைய பாடங்களில் இருந்தது. எந்தக் கடையிலும் அதை மீட்டுத் தர மாட்டார்கள்.