அப்பா நடத்திய மறதிப் பாடம்

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே என் அப்பாதான் பள்ளிக்கூட வாத்தியார். பள்ளிக்கூடம் என்றால் ஒரே அறை, ஒரே வாத்தியார். தோட்டத்துப் பெரிய தொரை வரும்போதெல்லாம் பாடிக் காட்டுவதற்காக, வெள்ளைக்கார ராஜாவைப் புகழ்ந்து ஓர் இங்கிலீஷ் பாட்டை அப்பா எங்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தார். அர்த்தம் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் பாதி வரிகளைக் கோட்டை விடுவோம். அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். தொரை ஓடிப்போனார். பள்ளியைப் பார்க்க ஜப்பான் அதிகாரி வரப்போகிறார் என்று தகவல் வந்ததும் அப்பாவுக்குக் கிழங்குகூடத் தொண்டையில் இறங்கவில்லை. எந்தப் பிள்ளையாவது பழக்கத்தில் பழைய பாட்டை எடுத்துவிட்டால் அறை விழுவது அப்பாவுக்குத்தான். அறையோடு விட்டால் நம்ம அதிர்ஷ்டம் என்றாள் அம்மா.

அதனால் தினமும் காலையில் மறதிப் பாடம் நடந்தது.

"ராஜா பாட்டை எல்லாரும் மறந்தாச்சா?"

"மறந்தாச்சு சார்!"

அப்பாவுக்கு நம்பிக்கை வராது. "எதை மறந்தீங்க, சொல்லுங்க பாப்போம்."

உடனே முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பாடிக் காட்டுவோம். யாராவது ஒரு சொல்லை விட்டுவிட்டால் அப்பாவே எடுத்துக் கொடுப்பார். அப்புறம்தான் அவருக்கு உறைக்கும். நாக்கைக் கடித்துக்கொள்வார். தொரை காலத்தில் வாயே திறக்காத பயல்கள்கூட இப்போது தூக்கத்தில் பாடினார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. அதிகாரி வருவதற்குள் மற்றவர்கள் எல்லாரும் மறந்துவிடுவார்கள், நான் ஒருத்திதான் மறக்கத் தெரியாத மண்டு என்று நினைத்தேன். என்னால் அப்பா அடிபடப் போகிறார் என்று பயந்து செத்தேன்.

அதிகாரி வந்த அன்று, என்னை மீறிப் பாட்டு வெளியே வந்துவிடக் கூடாதே என்று அவித்த மரவள்ளிக் கிழங்கை இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு போனேன். மற்ற பிள்ளைகள் புதிதாகப் படித்த ஜப்பான் பாட்டைப் பாடினார்கள். நான் உம்மென்று நின்றேன். அதிகாரி என் முன்னால் வந்து குனிந்தார். தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, வலிக்கிறதா என்பதுபோல் முகத்தைச் சுளித்தார். நான் தலையாட்டினேன். பாவம், பல்வலி என்று நம்பிவிட்டார். ஒரு வம்பும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் அப்பா மரவள்ளிக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். நிம்மதியாக ஏதோ பாட்டு முணுமுணுத்தார். கிட்டே போய்க் கேட்டால், ராஜா பாட்டு!

பாய்ந்து போய் அவர் வாயைப் பொத்தினேன். "அப்பா, நீங்களும் மறக்கலையா?"

அப்பா விழித்தார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எனக்கோ அவர்மேல் பாசம் பொங்கியது. வாத்தியாராக இருந்தும் மறதியில் என்னைப் போலவே மக்கு! "பரவாயில்லப்பா, இனிமே தெனம் காலையில நான் ஒங்களைக் கேக்குறேன்" என்று தைரியம் சொன்னேன்.

அவர் இன்னும் சிரித்தார். ஆனால் கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. பள்ளி விட்டதிலிருந்து மண்வெட்டி பிடித்த கை, நடுங்கத்தானே செய்யும் என்று நினைத்து, மிச்சக் குச்சிகளை வாங்கி நானே நட்டேன்.