கரம்பொனில் இறங்க மறுத்த ஜாக்கி

காலை எட்டு மணிக்குப் பஸ்ஸின் பின்பக்கம் நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்ந்து நின்றது. எட்டே காலுக்கும் அங்கேயே நின்றது. பிரேக் வேலை முடிந்து, சில்லுகள் பூட்டியாகிவிட்டது. பஸ்ஸை மட்டும் கீழே இறக்க முடியவில்லை. பத்து மணி லோஞ்சில் கடல் தாண்டிப் பட்டினத்திலிருந்து பஸ் பரிசோதகர் வந்துவிடுவார்.

உலக யுத்த காலம். எங்கள் தீவில் ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கும் வேலணைக்கும் இடையில் ஓடிய அந்தப் பஸ்ஸுக்குச் சொந்தக்காரரே சாரதி. நான் கொண்டக்டர். முந்திய கிழமை பரிசோதகர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஒரு பூவரசு மரத்தைக் காட்டி, "அதடியிலை நிப்பாட்டும்" என்றார். சாரதி பிரேக்கை மிதித்தார். பஸ் மரத்தையும் தாண்டி, பக்கத்து வளவின் வாசல் படலையையும் தாண்டிப் போய் நின்றது. பரிசோதகர் குரலை உயர்த்தவில்லை. "வாற கிழமையும் இப்பிடியெண்டால் இந்த றோட்டை வேறை ஆளுக்குத்தான் குடுக்கவேண்டி வரும்" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்த வேறு ஆள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். வேலணையில் அவருடைய பஸ் புதுப் பச்சைப் பெயின்றோடு நின்றது.

பிரேக்குக்கு வேண்டிய சாமான் பட்டினத்திலிருந்து வந்து சேர ஆறு நாள் ஆயிற்று. ஏழாம் நாள் விடிந்ததும் கரம்பொன் கரையோரம், சாரதியின் மச்சானுடைய வள்ளக் கொட்டிலுக்குப் பக்கத்தில், பஸ்ஸை நிறுத்திப் பின்பக்கத்தைத் தூக்கினோம்.

தூக்கியது எண்ணெய் ஜாக்கி. தீவுக்கு வந்த முதல் எண்ணெய் ஜாக்கி அதுதான் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். மறுத்துச் சொல்ல யாரும் வரவில்லை. பட்டினத்துக் கராச் ஒன்று கழித்துவிட்ட பழைய சாமான். நான்கு சின்ன இரும்புச் சில்லு, முன்னால் தூக்குகிற கை, பின்னால் ஆளுயரப் பிடி. பிடியை மேலும் கீழும் அடித்தால் உள்ளே எண்ணெய் ஒரு தண்டைத் தள்ளும், கை எழும். பிடியை இடப்பக்கம் திருகினால் எண்ணெய் வந்த வழியே திரும்பும், கை இறங்கும். ஜாக்கி வள்ளத்தில் வந்து இறங்கிய அன்றைக்குக் கரையில் கூட்டம் கூடிவிட்டது. மீன் கடகத்தோடு வந்த ஒரு மனுசி பிடியைப் பத்துத்தரம் அடித்துப் பஸ்ஸைத் தூக்கிவிட்டு, புருசனைப் பார்த்து, "இனி என்னோடை கவனமாய்க் கதையும்" என்றாள்.

மூன்று மாதத்தில் அதன் குணங்கள் சிலவற்றைப் படித்திருந்தோம். மணலில் வைத்தால் புதையும். கீழே தடித்த பலகை போடவேண்டும். பஸ்ஸின் முன்சில்லுகளுக்குக் கல் வைக்கவேண்டும், ஜாக்கியின் சில்லுகளுக்கு வைக்கக்கூடாது. கை எழும்போது ஜாக்கி தானாகவே கொஞ்சம் உருண்டு பஸ்ஸுக்குக் கீழே போகும். அதைத் தடுத்தால் கை வழுக்கிவிடும். இவ்வளவும் தெரிந்தவர்கள், தூக்கியபின் பக்கத்தில் முட்டு வைக்கவேண்டும் என்பதை மட்டும் நினைக்கவேயில்லை. இரும்பு தாங்கும் என்று விட்டுவிட்டோம்.

அன்றைக்குப் பிடி வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. அவசரத்தில் அதைப் பொருட்படுத்தவில்லை. வேலை முடிந்து பிடியை இடப்பக்கம் திருகியபோது ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு சுற்றுத் திருகினோம். பஸ் அசையவில்லை. பிடி செருகும் இடத்தில் தேனைப்போல ஏதோ கசிந்து நின்றது. சாரதி விரலால் தொட்டு மணந்து பார்த்தார்.

"இதென்ன மீன் மணக்குது?"

நான் கொட்டிலின் கதவைத் திரும்பிப் பார்த்தேன். போன கிழமை ஜாக்கியில் எண்ணெய் குறைந்திருந்தது. கொட்டிலில் கதவுக்குப் பின்னால் ஒரு தகரத்தில் மஞ்சளாக, தெளிவாக எண்ணெய் இருந்தது. எண்ணெய்தானே என்று அதில் ஒரு பேணி எடுத்து ஊற்றியவன் நான்தான்.

சொன்னேன். அப்போதுதான் வலையை உதறிவிட்டு வந்த மச்சான் தலையில் கை வைத்தார்.

"கதவுக்குப் பின்னாலை இருந்த தகரமோ? ஐயோ, அது வள்ளத்துக்குப் பூசுறது. சுறா எண்ணெயிலை குங்கிலியம் போட்டுக் காய்ச்சினது. காய்ஞ்சால் பிசின். அந்தப் பலகையிலை தண்ணி ஏறாது."

"இஞ்சை பஸ்ஸும் இறங்காது" என்றார் சாரதி. என்னை இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு ஜாக்கியைக் கழற்றிப் பார்த்தபோது எண்ணெய் திரும்பும் துவாரத்தில் பயறளவு பிசின் அடைத்திருந்தது. மண்ணெண்ணெயில் மூன்றுதரம் கழுவி, அதற்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயை ஊற்றிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் அந்தக் காலையில் கழற்ற வழியில்லை. அதன் முதுகில் பஸ் இருந்தது.

சாரதி சுத்தியலை எடுத்தார். "கீழை பூந்து அந்தத் திருகாணியிலை ரெண்டு தட்டுத் தட்டினால் விட்டுக் குடுக்கும்."

"முட்டு வைக்காமல் போகேலாது" என்றார் மச்சான்.

"உது வள்ளமில்லை மச்சான், பஸ்."

"வள்ளம் விழுந்தால் மனுசன் சாவான். பஸ் விழுந்தால் சிரிப்பானோ?"

"மணி எட்டரை!"

"ஒன்பதாகட்டும். என்ரை தங்கச்சிக்கு நான்தான் பதில் சொல்லவேணும்."

கரையேற்றிய வள்ளத்துக்கு அடியில் முட்டு வைக்காமல் அங்கே ஒருவரும் கையைக்கூட நீட்டுவதில்லை. மச்சான் பேசிக்கொண்டிருக்காமல் கொட்டிலுக்குள் போனார். இரண்டு பக்கமும் தட்டையாக அறுத்த பனங்குற்றிகள் நாலைத் தூக்கி வந்து, பஸ்ஸின் பின் அச்சுக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக அடுக்கினார். மேல் குற்றிக்கும் அச்சுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி. உடம்பால் முட்டித் தள்ளிப் பார்த்தார். குற்றிகள் அசையவில்லை. "இப்ப போ" என்றார்.

சாரதி மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். வெளியே தெரிந்தது முழங்காலுக்குக் கீழே மட்டுந்தான். முதல் அடி. ஒன்றுமில்லை. இரண்டாவது அடி. மூன்றாவது அடியோடு ஒரு சீறல் கேட்டது. பஸ் சட்டென்று விழுந்தது. குற்றிகள் மணலில் நறுக்கென்று அமர்ந்தன. யன்னல் சட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அதிர்ந்தன.

கால்கள் அசையவில்லை.

நான் குனிந்தேன். மச்சான் எனக்கு முன்னமே மணலில் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்! டேய்!" என்று அவர் சாரதியைக் கூப்பிட்டார்.

"பஸ் நிக்குதோ?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நிக்குது."

"அப்ப காலிலை பிடிச்சு இழு. எனக்குக் கை கால் ஓடேல்லை."

ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தோம். சட்டை முழுக்கச் சுறா எண்ணெய். குற்றி இல்லாமல் பஸ் டயர்வரை இறங்கியிருந்தால் அச்சுக்கும் நிலத்துக்கும் நடுவில் அவருடைய நெஞ்சுக்கு இடமிருந்திராது. நான் கையை வைத்து அளந்து பார்த்தேன். அவரும் அளந்தார். பிறகு சுத்தியலை எட்டத்தில் எறிந்தார்.

ஜாக்கி தளர்ந்து கிடந்தது. இழுத்து வெளியே எடுத்தோம். மறுபடி அதை நம்பிப் பஸ்ஸைத் தூக்க ஒருவருக்கும் மனமில்லை. பஸ்ஸோ இப்போது குற்றிமேல். மணி ஒன்பதேகால்.

மச்சான் கரையைப் பார்த்து ஒரு கூப்பாடு போட்டார். வலை காயப்போட்டுக்கொண்டு நின்றவர்கள், வள்ளத்தில் குங்கிலியம் பூசிக்கொண்டு நின்றவர்கள், பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒரு வள்ளத்தின் பாய்மரத்தைத் தோளில் கொண்டுவந்து, அடியில் மரக்குற்றி கொடுத்து, நுனியைப் பின் அச்சுக்குக் கீழே நுழைத்தார்கள். மற்ற நுனியில் பன்னிரண்டு பேரும் தொங்கினார்கள்.

"ஏலோ…"

"ஏலேலோ!"

பஸ் எழுந்தது. ஒருவரையும் கீழே போகவிடாமல், மச்சான் நீண்ட கழியால் ஒரு பக்க மேல் குற்றியைத் தட்டி வெளியே விழுத்தினார். பிறகு மற்றப் பக்கம். "விடு, மெல்ல விடு!" பஸ் கீழ்க் குற்றிகளில் உட்கார்ந்தது. இன்னொருதரம் ஏலேலோ. கீழ்க் குற்றிகளும் போயின. மரத்தில் தொங்கியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தை விட, டயர்கள் மணலைத் தொட்டன. கரை முழுக்க ஆர்ப்பரித்தது. நானும் கத்தினேன். தொண்டை கட்டியது பின்னேரந்தான் தெரிந்தது.

கடலில் லோஞ்சின் புகை தெரிந்தது. சாரதி அதே சட்டையோடு ஏறி எஞ்சினைக் கிளப்பினார். நான் ஓடும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். கல்லும் பள்ளமும் பார்க்காமல் ஓட்டினார். லோஞ்சிலிருந்து கயிறு வீசும்போது நாங்கள் இறங்குதுறையில் நின்றோம்.

பரிசோதகர் முன் ஆசனத்தில் அமர்ந்தார். மூக்கைச் சுருக்கினார். "பஸ்ஸிலை மீன் ஏத்திறனீரோ?"

"இல்லை ஐயா. அது ஜாக்கி" என்றார் சாரதி.

"நான்தான் அதுக்குப் பிழையான எண்ணெயை விட்டிட்டன் ஐயா" என்றேன் நான்.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விளங்கியதாகத் தெரியவில்லை. "சரி, எடும்" என்றார்.

நேர் தெருவில் நல்ல வேகம் எடுத்தபின், எச்சரிக்கை ஒன்றுமில்லாமல், "நிப்பாட்டும்!" என்றார். சாரதி மிதித்தார். டயர்கள் கத்தின. பரிசோதகரின் தொப்பி பறந்து முன்கண்ணாடியில் அடித்தது. நான் இரண்டு ஆசனங்களுக்கு நடுவில் கிடந்தேன். பஸ் மிதித்த இடத்திலேயே நின்றது.

பரிசோதகர் குனிந்து தொப்பியை எடுத்து, தட்டி, தலையில் வைத்துக்கொண்டார். பையிலிருந்து பஸ் ஓட அனுமதிக்கும் கடுதாசியை எடுத்து முழங்காலில் வைத்து ஒப்பமிட்டார். சாரதி அதை வாங்கக் கையை நீட்டினார். கை முழுக்கச் சுறா எண்ணெய். பரிசோதகர் அதைப் பார்த்துவிட்டு, கடுதாசியை என்னிடம் தந்தார்.

"திருப்பும்" என்றார். "துறையிலை சனம் காத்துக்கொண்டு நிக்குது."