கூழாங்கல்லில் நசுங்காத எலுமிச்சம்பழம்

கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை சிமென்ட் போடக் கையில் பணம் போதவில்லை. உடைத்த ஜல்லியைக் கொட்டி ரோலர் விட்டு இறுக்கினால் போதும் என்றேன். "ஜல்லி பாக்கவே அசிங்கமா இருக்கும்டி" என்று சொல்லிவிட்டு, வழவழப்பான கூழாங்கல்லை வெறும் மண்மேல் கொட்டினார் என் கணவர்.

அன்றிலிருந்து ரோதனைதான். பெங்களூரு மழைக்குப் பாதிக் கல் சேற்றில் புதையும், மீதி தெருவுக்கு ஓடும். பெருக்கினால் குப்பையைவிடக் கல்தான் அதிகம் வரும்.

ஆயுத பூஜை வந்தது. தெருவைப் பார்த்து நின்ற காருக்குச் சந்தனம், மாலை போட்டு, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். ஆரத்தி எடுத்துவிட்டுப் போர்ட்டிகோ படியில் போய் நின்றேன். கார் ஏறியதும் பழங்கள் நசுங்காமல் கல்லுக்குள் அமுங்கிக்கொண்டன.

"விடுங்க, போதும்" என்றேன்.

"நசுங்காம விட்டா நல்லதில்ல" என்று இவர் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தார். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. பின்னால் பறந்த ஒரு கல், என் காதோரம் சீறிப்போய் ஹால் ஜன்னலை உடைத்தது. கையிலிருந்த ஆரத்தித் தட்டு கீழே விழுந்தது.

எதிர்வீட்டு கன்னடக்கார அக்கா ஓடிவந்தார். "ஹப்பான்னா, அதான் பண்டிகைன்னா, பூசணிக்காய் ஒடைப்பாங்கம்மா, நீங்க ஜன்னலயா ஒடைக்கிறீங்க?"

இப்போது கூழாங்கல்லெல்லாம் பூந்தொட்டியில். பாதையில் ஜல்லியை இறுக்கி, ஓரம் நகராமல் செங்கல் பதித்துவிட்டோம். பள்ளம் விழுந்தால் அன்றே நிரப்புகிறேன். எலுமிச்சம்பழத்தை மட்டும் வெளியே தார் ரோட்டில்தான் வைக்கவிடுகிறேன்.

"இருந்தாலும் கூழாங்கல்தான் அழகு" என்கிறார் இவர், இன்னமும். நான் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.