ஆண்கள் வார்டு ஆயா

1983-ல் பவுனம்மாளுக்கு அறுபத்து நான்கு வயது. ஸ்ரீரங்கத்தில் துளசி மாலை விற்றுப் பிழைத்தவள். யார் வீட்டிலும் பாத்திரம் தேய்த்ததில்லை என்ற வீம்பு அவளுக்கு உண்டு. அந்த வருஷம் ஜூலையில் அவள் ஆயாவானாள்.

காரணம் டோரீன். பொன்மலை ரயில்வே காலனியில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, என்ஜின் டிரைவரின் விதவை. இரண்டு வருஷம் முன்பு கண்புரை ஆபரேஷன் முடிந்து, கண்ணைக் கட்டி, தலையை அசைக்கக் கூடாதென்று இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டிருந்தார்கள். பேசுவதைத் தவிர வேறு வேலையில்லை. மாமியார் கொடுமையிலிருந்து மீன் குழம்பு வரை பேசித் தீர்த்த பிறகுதான் கட்டு அவிழ்ந்தது.

"துரைசாணியா நீங்க? தெரிஞ்சிருந்தா வாயே திறந்திருக்க மாட்டேனே."

"அதுக்குத்தான் காட் நம்ம கண்ணைக் கட்டினான் மேன்."

பிறகு வாராவாரம் பவுனம்மாள் பொன்மலைக்கு பஸ் ஏறினாள். டோரீனின் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். "சாகறப்போ கையைப் பிடிச்சுக்க நீ வந்தாப் போதும்," என்பாள் டோரீன். பவுனம்மாளும் தலையாட்டியிருந்தாள்.

பக்கவாதம் வந்து டோரீனை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே சொந்தக்காரர்களைத்தான் உள்ளே விடுவார்கள். சிநேகிதி என்றதற்கு வாட்ச்மேன் சிரித்தான். மூன்று முறை திரும்பியவள், அடுத்த முறை ஆயா வேலைக்கு வந்திருப்பதாகச் சொன்னாள். கதவு திறந்தது. ஆனால் அவளைப் போட்டது ஆண்கள் வார்டில்.

ஒரு மதியம் நழுவிப் போய் டோரீனின் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"பவுன்? ஏன் நீலப் புடவை?" டோரீனுக்கு நாக்கு குழறியது.

"இங்க ஆயா நான்."

"பொய் சொல்லி வந்தியா? திருட்டுக் கிழவி."

"நீங்க பெரிய குமரி."

டோரீனின் வாய் ஒருபக்கமாகச் சிரித்தது. கை இவள் முந்தானையைப் பற்றிக்கொண்டது. "போகாதே."

அதற்குள் இல்லத்தின் பொறுப்பிலிருந்த சிஸ்டர் இருதயமேரி வந்துவிட்டார். "அங்க பெரியவங்க நனைஞ்சு கெடக்கறாங்க. இங்க என்ன கதை?"

"நான் ஆயா இல்லீங்க சிஸ்டர். இவங்க சிநேகிதி. செத்த நேரம் உக்காந்துக்கறேங்க."

"ஆயா இல்லேன்னா வெளிய போங்க. ஆயான்னா வேலையைப் பாருங்க."

வெளியே போனால் அந்தக் கதவு மறுபடி திறக்காது. பவுனம்மாள் முந்தானையிலிருந்து டோரீனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டோரீன் இறந்தாள். அப்போது பவுனம்மாள் ஆண்கள் வார்டில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.